மதிப்புக்குக் கீழே

ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த மத்தியானம், மதிப்பு அதிகாரி நாவல்திட்டில் படகை விட்டு இறங்கினார்.

நாவல்திட்டு கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில் கிடக்கிற மணல்மேடு. முந்தின வருஷம் கடல் உள்ளே வந்து ஒரு வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் அண்ணன் வீடு, மாமியார் வீடு என்று ஒண்டிக்கொண்டார்கள். கங்காதரனுக்கும் அவன் மனைவி செல்வம்மாளுக்கும் அப்படி யாரும் இல்லை. மகன் தீனா மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். ஒற்றை அறையில் அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். செல்வம்மாள் அங்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

"அங்க கால் நீட்டணும்னா யாராவது ஒருத்தர் எழுந்து நிக்கணும்," என்றாள்.

அதன் பிறகு இருவரும் மேட்டில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார்கள். தார்ப்பாயின் ஒரு பக்கத்தை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். அது பக்கத்தில் இருந்த துணை சுகாதார நிலையத்தின் ஜன்னல்.

சுகாதார நிலையம் மூடிப் பல வருஷம் ஆகிறது. நர்ஸ் பணியிடத்தை வேறு ஊருக்கு மாற்றியபோது கட்டிலையும் மருந்து அலமாரியையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கட்டடத்தை ஏற்ற முடியாததால் பூட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு அறை, ஒரு வராந்தா, மேலே கான்கிரீட் தளம். ஊரிலேயே உயரமான இடம். எந்த வெள்ளத்திலும் அதற்குள் தண்ணீர் போனதில்லை. பூட்டின பிறகு ஆளும் போனதில்லை.

அரசாங்கத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருந்தது. பயனற்ற அரசுக் கட்டடங்கள் மதிப்பு நிர்ணயப் பிரிவு. பொன்னேரியில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடியில், வாடகைக்கு இருந்தது. இத்தனை காலிக் கட்டடங்களை வைத்துக்கொண்டு அது ஏன் வாடகைக்கு இருக்கிறது என்று கங்காதரன் ஒருமுறை கேட்டான். காலிக் கட்டடத்துக்குள் அலுவலகம் போனால் அது காலிக் கட்டடம் ஆகாது, அப்புறம் பிரிவுக்கு வேலை இருக்காது என்று விளக்கினார்கள். அவனுக்கு அது நியாயமாகவே பட்டது.

பிரிவின் அதிகாரி அந்தோணிசாமி. பங்குனியில் வேறு வேலையாக ஏரியில் போனவர், படகில் உட்கார்ந்தபடியே கட்டடத்தைப் பார்த்து, "ரெண்டு லட்சம் போகும்," என்றாராம். படகுக்காரன் வந்து சொன்னான். கங்காதரனிடம் இரண்டு லட்சம் இருந்தது. வீடு போனதற்கு வந்த நிவாரணமும் படகு இன்ஜினை விற்ற காசும்.

அன்றைக்கே ஊர் கூடியது. நாவல்திட்டில் எந்தப் பொதுச் சொத்தானாலும் அதற்கு ஒரு முறை உண்டு. ஏரியில் வலை போடுகிற இடங்கள் ஊருக்குப் பொது. எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலையை நனைக்க மாட்டான். நனைத்தால் தண்டம் கட்ட வேண்டும். அதைவிட, நாலு பேர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஊர்த் தலைவர் நாகப்பன் எழுந்து, "இந்தக் கட்டடம் கங்காதரன் பாடு," என்றார்.

அத்தோடு பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு நாவல்திட்டில் யாரும் அந்தக் கட்டடத்தை ஆசையாகக்கூடப் பார்க்கவில்லை.

அதிகாரி அளக்க வருகிறார் என்று தகவல் வந்ததும் ஊர் தன் வழக்கப்படி ஒரு காரியம் செய்தது. விருந்தாளி வந்தால் செய்கிற காரியம்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பு கரைத்துக் கட்டடம் முழுக்க வெள்ளை அடித்தார்கள். வராந்தாவைத் தேய்த்துக் கழுவினார்கள். செல்வம்மாள் உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா பாக்கற?" என்றான் கங்காதரன்.

"அடுப்பு எந்தப் பக்கம் வெக்கிறதுனு."

"வாங்கறதுக்கு முன்னாலயேவா?"

"வாங்கினப்புறம் யோசிச்சா நீ குறுக்க வருவ."

பக்கத்தில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த முனியம்மாள் சிரித்தாள். "அண்ணி, நர்ஸம்மா ஊசி போட்ட ரூமு அது. அங்க சமைச்சா அண்ணனுக்கு சோத்தப் பாத்தாலே இடுப்பு வலிக்கும்."

அதிகாரி மேடேறி வந்து கட்டடத்தின் முன்னால் நின்றார். வெயிலில் அது கண்ணைக் கூசவைத்தது. அவர் முகம் வாடிப்போயிற்று.

"யாரு வெள்ளை அடிச்சது?"

"நாங்கதான் சார்," என்றான் கங்காதரன்.

"எதுக்கு?"

"நீங்க வர்றீங்கனு."

அந்தோணிசாமி வராந்தாத் தூணைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. "பங்குனியில பாத்தப்போ பாழடைஞ்ச கட்டடம். ரெண்டு லட்சம். இப்போ நல்ல நிலையில இருக்கிற கட்டடம். கண்ணால பாத்துட்டு எப்படிய்யா கொறைச்சு எழுதறது? மூணு லட்சம்."

"மறுபடி அழுக்காக்கிடட்டுமா சார்?"

"அரசுச் சொத்துக்கு சேதம் பண்ணா கேஸு."

"சுத்தம் பண்ணோமே சார், அது?"

"அது நன்கொடை. அதுக்கு நன்றி தெரிவிச்சு லெட்டர் வரும்."

லெட்டர் வந்தது. கங்காதரன் அதைத் தார்ப்பாய்க்குள் பாத்திரப் பெட்டியில் வைத்தான்.

அந்தோணிசாமி கெட்டவர் இல்லை. பயந்தவர். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு தகரக் கொட்டகையை மதிப்புக்குக் கீழே விற்றுவிட்டார். வாங்கியவள் ஒரு விதவை. தணிக்கையில் மாட்டி, வேலை போய், இன்றைக்கும் ஒரு டீக்கடை வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் அந்தக் கொட்டகையின் நீள அகலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அவரத் தினமும் பாத்துட்டுதான் ஆபீசுக்கு வர்றேன்," என்றார் அந்தோணிசாமி. "எனக்கு தை மாசம் ரிட்டையர்மெண்ட். கட்டடம் தானா இடிஞ்சு விழுந்தா அது இயற்கை. யாரும் என்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நூறு ரூபா கொறச்சு வித்தேன்னு வை, அது இழப்பு. என் பென்ஷன்ல வந்து நிக்கும்."

கூடுதல் ஒரு லட்சத்தை ஊர் கோயில் பணத்திலிருந்து தந்தது. அந்த வருஷம் திருவிழா இல்லை என்று நாகப்பன் சொன்னார். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் அர்ச்சனா என்று ஒரு எழுத்தர் இருந்தாள். சின்ன வயது. பெண் பெயரில் விண்ணப்பித்தால் சலுகை உண்டு என்று அவள்தான் சொன்னாள். அதனால் செல்வம்மாள் பெயரில் விண்ணப்பம் போட்டார்கள். செல்வம்மாள் கையெழுத்துப் போட மாடி ஏறினாள். நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவளுக்கு இழுப்பு உண்டு. வெயில் காலத்தில் தெரியாது. வாடைக்காற்று எழுந்தால் நெஞ்சில் விசில் கேட்கும். மேலே போய், எழுத்து எழுத்தாக நிறுத்தித் தன் பெயரை எழுதினாள்.

"அழகா எழுதறீங்கம்மா," என்றாள் அர்ச்சனா.

"வருஷத்துக்கு ஒரு தபா எழுதறது. கெட்டுப்போகாம கீது."

முதல் ஏலம் ஆவணியில் நடந்தது. அந்தோணிசாமி மேசையில் மரச் சுத்தியல் வைத்திருந்தார். எதிரே பெஞ்சில் கங்காதரனும் செல்வம்மாளும் மட்டும்.

"மத்தவங்க எங்க?"

"யாரு சார்?"

"உங்களோட போட்டி போடறவங்க."

கங்காதரன் மனைவியைப் பார்த்தான். "இது எங்க பாடு சார். இதுல யாரு வருவாங்க?"

ஒரே ஆள் கேட்டால் அது ஏலம் இல்லை, குறைந்தது மூன்று பேர் போட்டியிட வேண்டும் என்று சொல்லி, அதிகாரி ஏலத்தை ரத்து செய்தார். சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டார்.

கங்காதரன் ஊரில் போய்ச் சொன்னான். ஊருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவனுக்கு உதவி செய்ய முன்வந்தது. இரண்டாவது ஏலத்துக்கு நாகப்பனும் முனியம்மாளும் கூடப் போனார்கள். முனியம்மாள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

"மூணு லட்சம்," என்றான் கங்காதரன், செல்வம்மாள் சார்பில்.

"மூணு லட்சம்," என்றார் நாகப்பன்.

"மூணு லட்சம்," என்றாள் முனியம்மாள். திருப்தியாகப் புடவையைச் சரி செய்துகொண்டாள்.

அந்தோணிசாமி காத்திருந்தார். "ஏத்திக் கேளுங்கம்மா."

"எத்த சார்?"

"விலையை. அவரு கேட்டதுக்கு மேல."

"அவரு பாட்டுல நான் எப்படி சார் மேல போறது? ஊருக்குள்ள நடக்க முடியுமா?"

"போட்டி போடத்தானம்மா வந்தீங்க?"

"ஆமா சார். போட்டி போடத்தான் வந்தோம். கெலிக்கவா வந்தோம்?"

அன்று சாயங்காலம் அந்தோணிசாமி அறிக்கை எழுதினார். நாவல்திட்டுவாசிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு அரசுச் சொத்தை அபகரிக்க முயன்றிருக்கிறார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் சண்டையிட்டுக்கொள்ளாதது சந்தேகத்தை உறுதி செய்கிறது. ஏலம் தள்ளிவைக்கப்படுகிறது.

புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் ஏரிக்குப் பூநாரைகள் வந்தன. அவற்றைப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய கேமரா. மழை தூறியபோது சுகாதார நிலையத்தின் வராந்தாவில் ஒதுங்கினார். "நல்ல இடமா இருக்கே. வாடகைக்குக் கிடைக்குமா?" என்று கங்காதரனிடம் கேட்டார்.

"வெலைக்கே கெடைக்க மாட்டேங்குது சார்."

அவர் சிரித்துவிட்டுப் போனார். போகிற வழியில் டீ குடித்த இடத்தில் அந்த வராந்தாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு படகேறி, பஸ் ஏறி, செருப்புக் கடை மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. சந்தையில் தேவை எழுந்துள்ளது என்று குறித்துக்கொண்டார்கள். மதிப்பு ஐந்து லட்சம் ஆயிற்று.

அர்ச்சனா போனில் அழைத்தாள். "அண்ணே, இனிமே ஒரே வழிதான். மதிப்புக்குக் கீழ குடுங்கனு மனு போடுங்க. அதுக்குனு ஒரு குழு இருக்கு."

"அவங்க குடுப்பாங்களாம்மா?"

"குழு இருக்கு அண்ணே," என்றாள் மறுபடியும்.

குழுவில் ஐந்து பேர். அறையில் குளிர்சாதனம் ஓடியது. செல்வம்மாள் முந்தானையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இருமினால் ஐந்து பேரும் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள். தலைவர் வெள்ளைத்தலை, கனிவான குரல்.

"இந்தக் குழு தொடங்கின நாள் முதல் எத்தனையோ மனுக்களைப் பரிசீலிச்சிருக்கு," என்றார். "ஒண்ணைக்கூட ஏத்துக்கிட்டதில்லை. எங்க மேல இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது. இந்தப் பேரை நாங்க சும்மா வாங்கலை. எத்தனை பேரோட கஷ்டத்தைக் கேட்டிருக்கோம் தெரியுமா? கேட்டுட்டு வீட்டுக்குப் போனா எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனா பொதுச்சொத்து. நாளைக்கு மக்கள் கேப்பாங்க, யாருக்குக் குடுத்தேனு."

"நாங்களும் மக்கள்தான சார்?" என்றான் கங்காதரன்.

"நீங்க மனுதாரர்," என்றார் தலைவர்.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பொருளாதாரம் படித்தவர். அவர் இன்னொரு கோணத்தைச் சொன்னார். "ஏழைக்கு மதிப்பைக் குறைச்சுக் குடுக்கிறது அவரை அவமானப்படுத்தறது. அஞ்சு லட்சம் பெறுமானமுள்ள வீட்டில இருக்கிற தகுதி இவருக்கு இல்லையா? இருக்குனு நான் நம்பறேன். அதனாலதான் அஞ்சுக்குக் கீழ போகக் கூடாதுங்கறேன்."

கங்காதரன் கும்பிட்டான். தன்னைப் பற்றி அவ்வளவு உயர்வாக யாரும் பேசி அவன் கேட்டதில்லை.

மூன்றாவது ஆள் வேறொன்று கேட்டார். "கட்டடம் காலியா இருக்கிறதாலதான் அதுக்கு மதிப்பு ஏறிட்டு வருது. ஆள் குடிபோனா புகை படியும், ஆணி அடிப்பாங்க. மதிப்பு விழும். அதுக்கு யாரு பொறுப்பு?"

"நான் ஆணி அடிக்க மாட்டேன் சார்," என்றாள் செல்வம்மாள். அந்தக் கூட்டத்தில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

நேரில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது என்று தீர்மானமாயிற்று.

குழு வந்தது கார்த்திகையில், அடைமழை விட்ட ஒரு காலையில். ஏரி ஏறி ஊருக்குள் வந்திருந்தது. முகத்துவாரம் அடைபட்டுக் கிடந்ததால் தண்ணீர் வடிய வழியில்லை. நாவல்திட்டில் பாதி வீடுகளில் முழங்கால் அளவு. கட்டடம் நின்ற மேடு மட்டும் தீவு மாதிரி எழும்பி நின்றது. அதன் மேல் கட்டடம். அதன் ஓரத்தில் தார்ப்பாய்.

குழுவினர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பொதுமக்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் கங்காதரனும் செல்வம்மாளும் கீழே சேற்றில் நின்றார்கள். செல்வம்மாள் டீ போட்டுக் கொடுத்தாள். விறகு ஈரம். ஊதி ஊதி அடுப்பைப் பற்றவைத்ததில் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

தலைவர் ஒரு வாய் குடித்துவிட்டு ஏரியைப் பார்த்தார். "என்ன காத்து. இங்கயே இருந்துடலாம் போல இருக்கு."

பொருளாதாரம் படித்தவர் கட்டடத்தைச் சுற்றி வந்தார். பின்னால் போய் நின்றார். திரும்பி வந்து தலைவர் காதில் சொன்னார். தலைவர் தாமே எழுந்து சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"முன்ன அளந்தப்போ ஒரு பக்கம்தான் ஏரினு இருக்கு," என்றார். "இப்போ நாலு பக்கமும் நீர்முகப்பு."

"அது வெள்ளம் சார்," என்றான் கங்காதரன். "வடிஞ்சிரும்."

"வடிஞ்சா அப்போ பாத்துக்கலாம். நாங்க பாக்கறப்போ என்ன இருக்கோ அதைத்தான் எழுத முடியும்."

மதிப்பு ஏழு லட்சம் ஆயிற்று. மனுவை அந்த இடத்திலேயே நிராகரிக்காமல் அலுவலகம் போய் நிராகரிப்பதாகத் தலைவர் சொன்னார். செல்வம்மாளிடம் டம்ளரைத் தரும்போது, "டீ ரொம்ப நல்லா இருந்ததும்மா," என்றார். அவள் தலையசைத்தாள்.

நாலாம் நாள் மறுபடியும் மழை பிடித்தது. கூடவே வாடைக்காற்று. விடிகிற நேரத்தில் தார்ப்பாய் நடுவில் கிழிந்து பறந்தது. செல்வம்மாளுக்கு இழுப்பு கண்டிருந்தது. கங்காதரன் அவளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான். சாரல் அங்கேயும் அடித்தது. நாகப்பன் வந்தார். முனியம்மாளும் இன்னும் சிலரும் வந்தார்கள். பழவேற்காட்டுக்குக் கொண்டுபோகப் படகை இரண்டு முறை தள்ளிப் பார்த்தார்கள். இரண்டு முறையும் காற்று அதைக் கரையில் தூக்கிப் போட்டது.

செல்வம்மாள் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து, காற்றைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு சாரலுக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. பூட்டின கதவு முதுகுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே தரை காய்ந்திருந்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

நாகப்பன் கல்லை எடுத்துவந்தார். "தள்ளு, பூட்ட ஒடைக்கிறேன். உள்ள படுக்க வெச்சு நெருப்பு மூட்டலாம்."

கங்காதரன் அவர் கையைப் பிடித்தான். ஏன் பிடித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. "கேஸ் ஆயிடும்ணா."

"ஆவட்டும்டா."

அப்போது செல்வம்மாள் கையைத் தூக்கினாள். வேண்டாம் என்று ஆட்டினாள். பேசுவதற்குக் கொஞ்சம் காற்றுச் சேர்க்க வேண்டியிருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஒடைக்காத," என்றாள். "நம்ம பாடு... போயிடும்."

நாகப்பன் கல்லைப் பிடித்தபடி நின்றார். முனியம்மாள் தன் சேலையை அவிழ்த்து, பாவாடையோடு நின்றுகொண்டு, சாரலுக்கு மறைப்பாக இரண்டு தூணுக்கும் நடுவில் கட்டினாள். அது நனைந்து கனத்துத் தொங்கியது. கங்காதரன் மனைவியின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். மழை நிற்பதற்கு முன்னால் அவள் நெஞ்சின் விசில் நின்றது. அவன் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டேதான் இருந்தான். நாகப்பன்தான் வந்து கையை எடுத்துவிட்டார்.

மார்கழியில் அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். புதியவர், பெயர் ரஞ்சித். மழைச்சேதம் பார்க்க வந்தவர். அவரிடம் ஒரு கேள்வித்தாள் இருந்தது. சுவரில் விரிசல் உண்டா, தளம் ஒழுகுகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"கட்டடத்தில துர்மரணம் ஏதாவது நடந்திருக்கா?"

முனியம்மாள் மூக்கைச் சிந்தினாள். கங்காதரன், "ஒரு பொம்பள செத்துட்டா சார்," என்றான்.

"உள்ளயா, வெளியிலயா?"

"வராந்தாவுல."

ரஞ்சித் பேனாவை நிறுத்தினார். "வராந்தா பாதிதான் கட்டடத்தில சேரும். எந்த எடத்திலனு காட்ட முடியுமா?"

கங்காதரன் காட்டினான். ரஞ்சித் டேப்பை விரித்தார். ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லை. கங்காதரனே பிடித்துக்கொண்டான்.

"தலை இந்தப் பக்கமா?"

"செவுத்துப் பக்கம் சார். சாஞ்சுனு இருந்தா."

"அப்போ பெரும்பகுதி உள்ளதான் வருது," என்றார் ரஞ்சித். அளவைக் குறித்துக்கொண்டார். "நல்லதுங்க. மதிப்புல துர்நிகழ்வுக் கழிவு முழுசாவே கிடைக்கும்." பிறகு தலையைச் சொறிந்து, தயங்கி, "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"பாவம்," என்றார் ரஞ்சித். பெயருக்கான இடம் தாளில் இல்லை. ஒரு பெண் என்று எழுதினார்.

தை பிறந்தது. அந்தோணிசாமி பென்ஷனில் ஒரு ரூபாய் குறையாமல் ஓய்வு பெற்றார். தண்ணீர் வடிந்து நாலு பக்க நீர்முகப்பு மறுபடியும் ஒரு பக்கம் ஆகியிருந்தது. பூநாரைக்காரர் அதற்கப்புறம் வரவில்லை. சுண்ணாம்பு மழையில் கரைந்து சுவர் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. எல்லாம் கழித்து, துர்நிகழ்வையும் கழித்து, கட்டடத்தின் மதிப்பு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தில் வந்து நின்றது. சாவு விழுந்த கட்டடத்துக்கு ஏலம் தேவையில்லை, முதல் விண்ணப்பதாரருக்கே தரலாம் என்று விதியிலேயே இருந்தது. ஆணை நாவல்திட்டுக்கு வந்தது. மேலே செல்வம்மாள் என்று இருந்தது.

நாகப்பன் அதை எடுத்துக்கொண்டு பொன்னேரி போனார். அர்ச்சனா அதைப் படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தாள்.

"பேர் மாத்த முடியாதாம்மா?"

"மாத்தலாம் தலைவரே. புது விண்ணப்பம் ஆயிடும். மொதல்லேருந்து மதிப்பு போடணும்." குரலைத் தாழ்த்தினாள். "சாவி குடுக்கிற விழாவுக்கு அவரக் கூட்டினு வாங்க. மேல இருக்கறவங்க யார்கிட்டயாவது நேர்ல சொல்லிப் பாக்கறேன்."

கங்காதரன் வர மாட்டேன் என்றான். "எனக்கு எதுக்குணா அது?"

"உனக்குனு யாருடா சொன்னா?" என்றார் நாகப்பன். "அவ ஒடைக்க விடாம காப்பாத்தினது. வேற எவன் கைக்காவது போகட்டுமா? வந்து உக்காரு. பேசாம உக்காரு, போதும்."

விழா கட்டடத்தின் முன்னாலேயே நடந்தது. பந்தல், மைக், பிளாஸ்டிக் நாற்காலிகள். வராந்தாத் தூண்களுக்கு நடுவில் பேனர் கட்டியிருந்தார்கள். கங்காதரன் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். தீனா மீஞ்சூரிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அர்ச்சனா மேடை ஓரத்தில் நின்றாள். கையில் தாம்பாளம், அதில் சாவி. அவள் காலையிலிருந்து மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தாள். விழா முடியட்டும் என்று மூன்று பேரும் சொன்னார்கள்.

புது அதிகாரி மைக்கைப் பிடித்தார். உற்சாகமானவர். கழுத்தில் யாரோ போட்ட மாலையை இன்னும் கழற்றவில்லை.

"அரசு ஏழைகளுக்குக் கட்டடத்தை மதிப்புக்குக் கீழ குடுக்குதுனு சில பேர் பேசறாங்க," என்றார். "தெளிவா சொல்லிக்கிறேன். மதிப்புக்குக் கீழ நாங்க ஒரு பைசா விட்டுக்குடுக்கல. பொறுமையா இருந்தோம். மதிப்பு தானா கீழ வந்தது. அரசுக்கு இழப்பில்லை, மக்களுக்கும் வீடு. இதுல யாருக்காவது நஷ்டம் உண்டா? சொல்லுங்க பாப்போம்."

வந்திருந்த அலுவலர்கள் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் தட்டவில்லை. ஊரில் சத்தமாகத் தட்டப் பழக்கமில்லை போலும் என்று அதிகாரி எடுத்துக்கொண்டார்.

அடுத்து அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "பயனாளி, திருமதி செல்வம்மாள். கணவர் பெயர் கங்காதரன். வாங்கம்மா."

நாற்காலிகள் அசையவில்லை. முனியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். அர்ச்சனா தாம்பாளத்தைப் பிடித்தபடி அதிகாரியை நோக்கி ஓரடி வைத்தாள். போட்டோக்காரர் அவளை ஒதுங்கச் சொல்லிக் கையை ஆட்டினார்.

அதிகாரி தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் புன்னகைத்தார்.

"எதுக்கும்மா கூச்சம்? உங்க வீடு. எழுந்து வாங்க."